கல்லுப்பு

ஜன்னல் கொண்டியில் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி, அது தானாகத் திறந்துகொள்ளாதபடி வீரலட்சுமி இறுக்கிக்கொண்டிருந்தபோது, கருத்தம்மாள் பின்னாலிருந்து அதட்டினாள்.

"ஏத்தா, மூச்சுக்குத் தவிக்கிற மனுசன அடைச்சு வச்சு வேக வைக்கிறியா? தொறந்து விடு."

"நிலையெல்லாம் கரையான் அரிச்சுருச்சு சின்னம்மா. தொறந்தா மூட வராது."

"இனி எதுக்கு மூடணும்?"

வீரலட்சுமி இன்னொரு முடிச்சுப் போட்டுவிட்டுக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

கட்டிலில் கிடந்தவர் ஜக்கையன், அவளுடைய மாமனார். கருத்தம்மாள் அவருக்கு ஒரே தங்கை, தேவாரம் ஊரில் வாக்கப்பட்டவள். அண்ணன் இன்றைக்கோ நாளைக்கோ என்று இருப்பதாகப் போன் போனதும் கிடைத்த பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கியவள், கால் கழுவுவதற்குள் வீட்டுப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். யார் எங்கே உட்கார வேண்டும், யாருக்குச் சொல்லிவிட வேண்டும், பந்தல்காரனிடம் எப்போது பேச வேண்டும் என்பதெல்லாம் சாகப்போகிறவரின் காதுபடவே முடிவாகிக்கொண்டிருந்தது.

ஜக்கையனுக்குப் பேச்சும் வலப்பக்கமும் தை மாதமே போய்விட்டன. மிச்சமிருந்தவை இடது கையும் கண்ணும். தொண்டையில் கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் மூடிய ஜன்னலை விட்டு அசையவில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தது அவருடைய தோட்டம். தோட்டம் என்று அவர் ஒருவர்தான் சொல்வார். தெருக்காரர்கள் காடு என்பார்கள். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பை போடிமெட்டுக்கு மேலே ஓட்டிய காலத்தில், அவர் வெறுஞ்சீட்டாக இறங்கி வந்ததே கிடையாது. ஈரச்சாக்கில் சுற்றி ஏதாவது ஒரு கிழங்கோ கொடியோ காலடியில் கிடக்கும். மலையிலிருந்து வந்தது பாதி, காக்கை எச்சத்தில் விழுந்து தானாக முளைத்தது பாதி. எதையும் அவர் களை என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒரு பக்கம் ஏலக்காய் ஸ்டோரின் பின்சுவர், இன்னொரு பக்கம் லாரிகள் நிற்கும் காலி மனை. நடுவில் அந்தச் சில சென்ட் நிலத்தில் மட்டும் மாதங்கள் முறையாக வந்துபோகும். ஐப்பசி மழைக்கு முடக்கத்தானும் கோவையும் வேலியை மூடும். கார்த்திகையில் செங்காந்தள். மார்கழியில் தரையெல்லாம் தும்பை. தை பிறந்தால் முருங்கைப் பூவுக்குத் தேன்சிட்டு. சித்திரையில் கொன்றை.

எல்லாவற்றுக்கும் மேலே ஆறுமணிக்குருவி. ஐப்பசி மழையோடு வடக்கேயிருந்து வந்து இறங்கும். விடியும்போதும் இருட்டும்போதும் இரண்டு விசில் அடிக்கும். பறக்கச் சோம்பேறிப்படுகிற பறவை. சருகுக்குள் கோழிபோலத் தத்தித் தத்திப் புழு பொறுக்கும். வெயில் முற்றினால் சொல்லாமல் போய்விடும். சாயங்காலம் அது விசிலடித்த பிறகுதான் ஜக்கையன் காப்பித் தம்ளரைத் தொடுவார். அது லேட்டானால் காப்பி ஆறிவிடும். ஆறினால் வீரலட்சுமிக்குத் திட்டு விழும்.

செடி கொடியிடம் இருந்த பதம் அந்த மனிதருக்கு மனுஷர்களிடம் இருந்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் எடுத்துப்போய்ச் செடிகளுக்கு ஊற்றுவது வீரலட்சுமியின் சோலியானது. ஒருநாள் ஊறுகாய்ச் சாடி கழுவிய தண்ணீரும் அதில் சேர்ந்துவிட்டது. மறுநாள் அவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். மண்ணை அப்படி ருசி பார்ப்பது அவர் வழக்கம். கீழுதடு லேசாகப் பிதுங்கும், நாக்கு மேலண்ணத்தைத் தடவும், கண் ஓரிடத்தில் நிலைகுத்தி நிற்கும். பிறகு நேராக வீட்டுக்குள் வந்தார். அன்றைக்கு வீரலட்சுமியின் அண்ணன்மார் விருந்துக்கு வந்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்க்கவே அவள் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார்.

"உப்புத் தண்ணிய ஊத்தியிருக்க. அதுக்கு வாயில்ல, கேக்கல. நீ வாயில போட்டுப் பாரு."

அவள் போட்டாள். அண்ணன்மார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்த வீட்டு வாசலை அவர்கள் மிதிக்கவேயில்லை.

அதையெல்லாம்கூட அவள் மறந்திருப்பாள். போன கார்த்திகையில், பின்பக்கம் கக்கூசுக்குப் போன மகள் தமிழினியைக் கண்ணாடிவிரியன் போட்டுவிட்டது. தேனிக்குக் கொண்டுபோய் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். இடது காலில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவளிடம், வாசலில் காத்து நின்ற ஜக்கையன் கேட்ட முதல் வார்த்தை, "பாம்ப யாரும் அடிச்சுப் போடலையே?" என்பதுதான். அவள் புருஷன் விஜயகுமார் ஆட்டோக்காரனுக்குக் காசு கொடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அப்பாவிடம் அவனுக்கு அவ்வளவுதான் வரும்.

தையில் அவர் விழுந்தார். மாசி முடிய, விஜயகுமார் ஸ்டோருக்கு வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், தென்னந்தோப்புகளுக்குக் களை மருந்து அடிக்கிற சுடலையை அவள் வரவழைத்தாள். மருந்தோடு கல்லுப்பும் சோப்புத்தூளும் கலந்து அடித்தால்தான் வேரோடு போகும் என்று அவன் சொன்னான். உப்புச் சாடியை எடுத்துக் கொடுத்தாள். அவன் டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு போன பிறகு, சாடியில் மிச்சமிருந்ததை அவளே பிடிபிடியாக அள்ளி ஒவ்வொரு தூரிலும் போட்டாள். கொன்றைக்கு இரண்டு பிடி. பிறகு உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

எல்லாம் பழுத்துச் சாயத் தொடங்கியபோது, அப்பாவைப் பார்க்கிறதா செடியைப் பார்க்கிறதா என்று புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டாள். மீதிப் பொய்யைப் பங்குனி வெயில் சொல்லிக்கொண்டது.

ஆனால் ஜன்னல் சாத்திய அன்று சாயங்காலமே ஜக்கையன் கஞ்சிக்கு வாய் திறக்க மறுத்தார். இடது கையால் ஜன்னலைக் காட்டிக்கொண்டே இருந்தார். கொசு வருகிறது என்றாள். மறுபடி காட்டினார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"குருவி வந்துட்டுப் போயிருச்சு மாமா. கொன்றைக்கு அடியிலதான் மேஞ்சுச்சு" என்றாள்.

அவர் வாய் திறந்தது.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் சொன்னாள். கோவை பழுத்திருக்கிறது, செம்போத்து வந்து தின்கிறது. தையல்சிட்டு இலையைக் கூட்டித் தைத்திருக்கிறது. கொன்றை இலை உதிர்க்கிறது, மொட்டு வைக்கப்போகிறது. இத்தனை வருஷம் அவர் வாயால் கேட்டதையெல்லாம் மாதம் தப்பாமல் அவருக்கே திருப்பிக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார். பின்வாசல் கதவைத் தாண்டினால் எல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். முதலில் கஞ்சி இறங்க வேண்டும் என்றுதான் சொன்னாள். ஒருநாள் அவள் சொல்லி முடித்துக் கிண்ணத்தை எடுக்கப் போனபோது, அவருடைய இடது கை தட்டித் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடித்தபடியே தூங்கிப்போனார். விடுவித்துக்கொள்ள அவளுக்குக் கை வரவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். இந்த மனிதர் எதையும் தெரிந்துகொள்ளாமல் போய்விட வேண்டும்.

இன்றைக்கு அவர் போகிற நாள் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்தான் போகவில்லை. விடிகாலையில் பால் ஊற்றினார்கள். கங்கைச் செம்பை உடைத்துத் தீர்த்தம் ஊற்றினார்கள். அதையெல்லாம் விழுங்கிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வெயில் ஏறியதும் கருத்தம்மாள் நான்கைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனாள். போனவள் அங்கேயே நின்று குரல் எடுத்தாள்.

"டேய் விஜயா, இங்கிட்டு வந்து பாருடா. அண்ணன் விழுந்தாரு, அத்தனையும் கூடவே விழுந்துருச்சு. பெத்த புள்ளைகூட இப்படித் துக்கம் காக்காதுடா."

விஜயகுமார் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீரலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்தினாள். அதையும் எல்லோரும் அழுகை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே திரும்பி வந்த கருத்தம்மாளுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டிருந்தது. இது பாலுக்கும் தீர்த்தத்துக்கும் போகிற உயிர் இல்லை, மண்ணாசையில் கட்டிக் கிடக்கிற உயிர், அவர் மண்ணைக் கரைத்து அவர் வாயில் ஊற்றினால்தான் அவிழும் என்றாள். அவளுடைய மாமனாருக்கு அப்படித்தான் வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்களாம், ஊற்றிய ஈரம் காய்வதற்குள் போய்விட்டாராம். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒவ்வொருவருக்கும் அப்படிப் போன ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார்.

"லட்சுமி, நீதான அவருக்கு எல்லாம் பாத்த. ஒரு பிடி மண்ணு அள்ளிக் கொண்டா. வெரசா."

வீரலட்சுமி தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பின்வாசல் பக்கம் போகவில்லை. முன்வாசல் வழியாக இறங்கி, பக்கத்து வீட்டு மாயக்காளின் துளசித் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு திரும்பினாள். இது நல்ல மண். துளசி மண். இதைக் குடித்துவிட்டு நிம்மதியாகப் போகட்டும்.

கருத்தம்மாள் தம்ளரை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதென்ன, செம்மண்ணா இருக்கு? நம்ம தோட்டம் கரிசலாட்டம் இருக்குமே."

"ஓரத்துல எடுத்தேன் சின்னம்மா."

"ஓரத்துல எடுத்தா ஆசை தீருமா? அவரு நின்ன எடத்துல எடுக்கணும். ஏ புள்ள தமிழினி, ஒங்க தாத்தா எப்பவும் எந்த மரத்தடியில நிப்பாரு?"

"கொன்றைக்கு அடியில" என்றாள் தமிழினி.

"ஓடு."

தமிழினியால் ஓட முடியாது. இடது காலைச் சாய்த்து வைத்துத்தான் போனாள். செருப்புப் போட்டுக்கொண்டு போகச் சொல்ல வீரலட்சுமி வாயெடுத்தாள். அதற்குள் பிள்ளை பின்வாசலைத் தாண்டியிருந்தாள். கருத்தம்மாள் செம்மண்ணை வாசலில் கொட்டித் தம்ளரைக் கழுவி வைத்திருந்தாள். பிள்ளை இரண்டு கையையும் குவித்துக்கொண்டு வந்தாள். கறுப்பு மண், நொறுங்கிய சருகோடு. அதில் வெள்ளையாக ஏதாவது மின்னுகிறதா என்று வீரலட்சுமி பார்த்தாள். தெரியவில்லை. தண்ணீரை ஊற்றிக் கருத்தம்மாள் விரலால் கலக்கினாள்.

"சின்னம்மா, அந்த மண்ணு..."

"மண்ணுக்கென்ன?"

கூடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். விஜயகுமார் சிவந்த கண்ணோடு நிமிர்ந்து பார்த்தான். தமிழினி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எறும்பு கெடக்கும்" என்றாள் வீரலட்சுமி.

"அப்ப வடிகட்டிக் குடு."

வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்து அவளே வடிகட்டினாள். ஒருமுறை போதாதென்று இரண்டாம் முறையும் வடிகட்டினாள். தண்ணீர் தேயிலை டிகாஷன் நிறத்தில் இறங்கியது. துணியில் சருகு தங்கியது, மண்ணும் கொஞ்சம் தங்கியது. கரைந்தது எதுவோ அது தங்கவில்லை.

முதலில் கருத்தம்மாள் பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையில் எடுத்து அண்ணன் வாயில் சாய்த்தாள். தொண்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். ஜக்கையனின் கீழுதடு லேசாகப் பிதுங்கியது. மூடிய வாய்க்குள் நாக்கு மேலேறி அண்ணத்தைத் தடவுவது கன்னத்தில் தெரிந்தது. கண்கள் ஓரிடத்தில் நிலைகுத்தின.

அப்புறம் அந்தக் கண்கள், அத்தனை நாளாக அசையாமல் கிடந்த கண்கள், ஜன்னலை விட்டுத் திரும்பின. விளிம்பு விளிம்பாக முகங்களைத் தாண்டி வந்து வீரலட்சுமியிடம் நின்றன.

"பாத்தியா, மருமகளத் தேடுறாரு" என்றாள் கருத்தம்மாள். "பெத்த மகன் இருக்கான், கூடப் பொறந்தவ இருக்கேன். செஞ்ச கை யாருன்னு உசுருக்குத் தெரியும்."

விஜயகுமார் ஊற்றியது வாயோரமாக வழிந்து தலையணையில் இறங்கியது. தமிழினி பாலாடைக்குக் கை நீட்டினாள். வீரலட்சுமி மகளின் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நீ வேண்டாம் என்றாள். பிள்ளை வலித்ததென்று முகம் சுளிக்கும் அளவுக்குப் பிடித்தாள். சின்னப் பிள்ளைகள் ஊற்றக் கூடாதுதான் என்று யாரோ அதற்கும் ஒரு சாஸ்திரம் சொன்னார்கள்.

"நீ ஊத்துத்தா" என்று கருத்தம்மாள் பாலாடையை அவள் கையில் திணித்தாள். "சும்மா ஊத்தாத. தெனம் சாயங்காலம் தோட்டத்தப் பத்தி என்னமோ சொல்லுவியாமில்ல, விஜயன் சொன்னான். அதச் சொல்லி ஊத்து. காது குளுரக் கேட்டுட்டுப் போகட்டும்."

வீரலட்சுமி பாலாடையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜக்கையன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கேட்கக் காத்திருக்கிறவர்போலப் பார்த்தார்.

"சொல்லுத்தா."

"மாமா" என்றாள். கூடத்தில் பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். "குருவி... குருவி வந்துருச்சு மாமா. கொன்றைக்கு அடியில மேயுது. கொன்றை மொட்டு வச்சிருக்கு. சித்திரைக்குப் பூத்துரும்."

பாலாடையைச் சாய்த்தாள். இந்த முறை வழியவில்லை. அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், ஒரு சொட்டு விடாமல் அவர் விழுங்கினார். இடது கை போர்வைக்கு மேல் நகர்ந்து வந்தது. அவள் மணிக்கட்டுக்கு அருகில் வந்து, தொடாமல் அங்கேயே திரும்பி உள்ளங்கை மேலாகக் கிடந்தது. ஏதோ ஒன்றை அதில் வைக்கச் சொல்வதுபோல விரல்கள் விரிந்திருந்தன.

அதற்குப் பிறகு மூச்சு மூன்று நான்கு தரம் வந்தது. அப்புறம் வரவில்லை.

"மண்ணு கேட்டாரு, குடுத்தோம், போயிட்டாரு" என்று கருத்தம்மாள் அவர் கண்களை மூடிவிட்டாள். அவளுக்கு அழுகையைவிடப் பெருமை முந்திக்கொண்டு நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தத் தம்ளர் தண்ணீர் பிரசாதமாகிக்கொண்டிருந்தது.

பந்தல்காரர்கள் வந்ததும் முதல் காரியமாகக் காற்றுக்கு என்று ஜன்னலைத் திறந்தார்கள். சேலைக் கிழிசலை அவிழ்க்க முடியாமல் ஒருவன் கத்தியால் அறுத்தான். பின்பக்கம் சமையலுக்கும் குளிப்பாட்டுவதற்கும் இடம் வேண்டுமென்று காய்ந்ததையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். வெட்டுகிற வேலையே இருக்கவில்லை, பிடித்து இழுத்தாலே வந்தது. பாடைக்கு மூங்கில் சுமந்து வந்த சுடலை அதைப் பார்த்தபடி நின்றான். வீரலட்சுமி தண்ணீர்க் குடத்தோடு கடந்தபோது பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மருந்து நல்லாப் புடிச்சிருக்கு மதினி. இனி இங்கிட்டு ஒரு புல்லு எந்திரிக்காது."

"சோலியப் பாருங்க தம்பி" என்றாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர நீர்மாலை எடுத்தார்கள். குளிப்பாட்டிய தண்ணீர் கொன்றைத் தூரைச் சுற்றி ஓடித் தேங்கி நின்றது. கொட்டும் சங்குமாகத் தெருவைத் தாண்டி ஜக்கையனைக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் எந்த ஜீப் ஸ்டாண்டில் அவர் முப்பது வருஷம் நின்றாரோ அங்கே பழைய டிரைவர்கள் இரண்டு பேர் வண்டியிலிருந்து இறங்கித் துண்டை எடுத்தார்கள் என்று விஜயகுமார் திரும்பி வந்து சொன்னான்.

வீடு கழுவியாயிற்று. பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு வந்து, உண்டு, எச்சில் பாத்திரங்கள் பின்வாசலில் குவிந்தன. கருத்தம்மாள் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு, புதிதாக வந்த ஒருத்திக்கு மண் கரைத்து ஊற்றிய கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தியிருந்தார்கள்.

வீரலட்சுமி பாத்திரங்களைக் கழுவினாள். அடியில் அந்தத் தம்ளர் கிடந்தது. அதில் கறுப்பாக மண்டி படிந்திருந்தது. விரலை விட்டுத் தேய்த்துக் கழுவினாள். வாளியில் கழுநீர் நிறைந்ததும், பழக்கத்தில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகுதான் எங்கே ஊற்றுவதென்று தெரியவில்லை.

சுவருக்கு அருகில், தூரத்தில் அல்ல, இரண்டு விசில்.

வெட்டித் தள்ளிய குவியலுக்கு இந்தப் பக்கம், கொன்றைக்கு அடியில் அது நின்றுகொண்டிருந்தது. முதுகு பச்சை. கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. தினமும் அவள் சொன்ன நிறங்கள்தான், நின்று பார்த்தது இப்போதுதான். இந்த வருஷம் சருகு அதிகம். அது ஒவ்வொரு சருகாக அலகால் புரட்டியது. எதையோ கொத்தி எடுத்தது, தலையை உதறிக் கீழே போட்டது, அலகை மண்ணில் இரண்டு பக்கமும் தேய்த்தது. மறுபடி அடுத்த சருகுக்குத் தத்தியது.

திறந்த ஜன்னலிலிருந்து கருத்தம்மாளின் குரல் வந்தது.

"அங்க என்னத்தா பாக்குற?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா."

வாளியின் கம்பி விரலை அறுத்தது. அவள் அதை ஊற்றவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.